பாட்டை மாற்றியது யார்

பல்செட் அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்றால் அதை வாய் திறந்து சொல்ல மாட்டாள். கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். பல் கட்டும் லேபில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அந்த உதட்டைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்க அவள் மேஜைப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். மேஜையில் வரிசையாக இருக்கும் பொய்ப்பற்களே அவளைப் பார்த்துப் பயந்துபோய் இளிக்கிற மாதிரி இருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது. ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வளர்ந்து வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியிருந்தாலும் வாலு வாலுதான். வெளிநாட்டில் ஒரு துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதாம். இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது, அடுத்த வாரக் கடைசியில் கிளம்புகிறாளாம். பல்செட் அக்கா சந்தோஷத்தில் சாப்பாட்டையே மறந்தாள். அடுத்த நிமிஷமே இரண்டு வருஷம் என்பது உறைத்தது.

"வீட்டுக்கு வந்துட்டுப் போடி" என்றாள்.

"அப்பா கூப்பிட்டா வரேன். நீ கூப்பிட்டு இல்ல. அவர் வாயால கூப்பிடணும்."

சாயந்திரம் வீட்டுக்கு வந்து இதை மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டர் அவள் புருஷன். வீட்டின் முன்னறையிலேயே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். செய்தியை முழுசாகக் கேட்டார். கன்டெய்னர் லாரி என்றதும் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது. பிறகு, கேட்காமல் போனவள் கேட்காமலே வரட்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அப்பனும் மகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் நடுவில் இருக்கிறவள் பாடு திண்டாட்டம்தான்.

சண்டை என்னவென்று கேட்டால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். வாலு அப்பாவின் ஸ்கூலிலேயே கற்றுக்கொடுக்கிறவளாக இருந்தாள். ஒருநாள் ஒரு பெண்மணி ஸ்டியரிங்கில், பக்கத்தில் வாலு, பின்சீட்டில் சும்மா பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருந்த மாஸ்டர். ரவுண்டானாவில் எதிரே ஒரு லாரி திரும்பியது. வாலுவின் காலடியில் கற்றுக்கொடுக்கிறவருக்கான பிரேக் இருக்கிறது. காலை வைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் மாஸ்டர் பின்னாலிருந்து எக்கி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி நடுரோட்டில் குறுக்கே நின்றது. நின்றதோடு விட்டாரா? மாணவிக்கு முன்னாலேயே, உனக்குக் கற்றுக்கொடுக்கிற லாயக்கு இல்லை, முதலில் நீ கற்றுக்கொள் என்றார். வாலு கதவைத் திறந்து இறங்கினாள். கழுத்தில் தொங்கிய ஸ்கூல் அட்டையைக் கழற்றி பானெட் மேல் வைத்தாள். நடந்துபோனவள்தான், அன்றே பையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பல்செட் அக்கா யோசித்தாள். மாஸ்டர் மனசு விட்டுப் பேசுவது உலகத்தில் இரண்டே இடத்தில். ஒன்று, ஓடுகிற கார். இன்னொன்று, பாட்டு ஓடுகிற ஹால். முகத்துக்கு முகம் பார்க்காமல் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு, வேறு எதையாவது கேட்டுக்கொண்டுதான் அந்த மனுஷனுக்குப் பேச்சு வரும். முன்பெல்லாம் கடைசி வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் சாய்வு நாற்காலியில் விழுவார். வாலு தன் போனை ஒரு ஒயரால் பழைய ஆம்ப்ளிஃபயரில் சொருகுவாள். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் அலறும். உன் பாட்டா என் பாட்டா என்று சண்டை போட்டுக்கொண்டே கல்லூரி, லைசென்ஸ், புது வண்டி என்று எல்லா விஷயத்தையும் பேசி முடித்துவிடுவார்கள். வாலு போனபோது அந்த ஒயரும் அவள் பையோடு போய்விட்டது. அன்றிலிருந்து ஆம்ப்ளிஃபயர் மேல் துண்டு காய்கிறது. மாஸ்டர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்; சுவர் எதையும் கேட்காது, அவரும் எதையும் சொல்ல மாட்டார்.

முதலில் இந்த ஹாலில் ஒரு சத்தம் வரவேண்டும், அப்புறம்தான் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும். உதடு உள்ளே மடிந்தது.

மறுநாள் லேபிலிருந்து வரும் வழியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அத்தனையும் அவள் செய்த பல். அந்த மாதிரி ஒயர் இப்போது வருவதே இல்லை, புது போன்களில் அதற்கு ஓட்டையே கிடையாது என்று சொல்லி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். நெட்வொர்க் ஆடியோ கன்வெர்ட்டர். இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இதுவே வாங்கிக்கொள்ளும், உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், போன் சும்மா சொல்லிவிட்டால் போதும் என்றார். நான் வேண்டுமானால் ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாம். நானே மாட்டிக்கறேன்" என்றாள். ஆள் வந்தால் மாஸ்டர் வாசலிலேயே வழிமறித்து இதெல்லாம் எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வேலை முடிந்தபிறகு தெரிந்தால் போதும்.

மாஸ்டர் சாயந்திர வகுப்புக்குக் கிளம்பியதும் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். ஆம்ப்ளிஃபயரை இழுத்துத் திருப்பினாள். பின்பக்கம் தூசி ஒரு விரல் கனத்துக்கு. பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு துளையாகத் துடைத்தாள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கன்வெர்ட்டரிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு வெள்ளைத் துளை நாலு ஜோடி இருந்தது. மேலே இருந்த முதல் ஜோடியில் சொருகிப் பாட்டைப் போட்டாள். ஸ்பீக்கர் தொண்டை கட்டின கழுதை மாதிரிக் கத்தியது. பதறிப்போய் அணைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் அது பழைய ரெக்கார்டு பிளேயருக்கான துளை. அடுத்த ஜோடிக்கு மாற்றினாள். சத்தம் தெளிந்தது.

தெளிந்ததே தவிர நிலைக்கவில்லை. இரண்டு வரி பாடும், நிற்கும், மறுபடி அரை வரி பாடும். விக்கல் எடுத்தவன் கச்சேரி செய்வது மாதிரி. வைஃபை சரியாக எட்டவில்லை. ரூட்டர் முன்னறையில் இருக்கிறது. அதற்கும் ஹாலுக்கும் நடுவே இரும்பு பீரோ. பீரோவுக்குள் எல் போர்டும் சாலைச் சின்னப் பலகைகளும் அடைத்துக்கிடந்தன. பீரோவை நகர்த்த நாலு ஆள் வேண்டும். ரூட்டரை நகர்த்தினால் மாஸ்டருக்குத் தெரியும். மிச்சம் இருந்த வழி, ரூட்டரிலிருந்து பெட்டிக்கு நேராக ஒரு கேபிள். நடுவில் ஒரு கதவு. மாஸ்டர் வகுப்பு எடுக்கும்போது அதைச் சாத்தித் தாழ் போடுகிறவர். கதவிடுக்கில் கேபிள் நசுங்கும்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். பல்செட் அக்கா பெட்டியைத் துண்டுக்கு அடியில் மறைத்துவைத்தாள், மறுநாள் லேபிலிருந்து பல் ராவுகிற கைமோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். எதையும் மெழுகில் வைத்துப் பார்க்காமல் நிஜத்தில் கை வைப்பது அவள் தொழிலில் கிடையாது. மெழுகை உருட்டிக் கேபிள் தலையில் ஒற்றி எடுத்து அளவு பிடித்தாள். கதவு நிலையின் அடிக்கட்டையில் அந்த அளவைக் குறித்தாள். தரையில் குப்புறப் படுத்து, கடைவாய்ப்பல்லைக் குடைகிற நிதானத்தோடு மரத்தைக் குடைந்தாள். மூக்கில் மரத்தூள் ஏறித் தும்மல் தும்மலாக வந்தது. கடைசியில் கேபிள் உரசாமல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், அடி சக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று போன் கேட்டது. ஹால் என்று அடித்தாள்.

மாஸ்டர் உள்ளே வந்தபோது புல்லாங்குழலோடு ஆரம்பிக்கிற அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், நிலையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஆம்ப்ளிஃபயரின் திருகை ஒரு நூல் குறைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். காலாட்ட ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால் ஆடியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கப் போகிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

இரண்டாவது சரணத்தில் பாட்டு பட்டென்று நின்றது. ஒரு மூச்சு இடைவெளி. அடுத்து ஹாலே அதிர்கிற மாதிரி டம டமவென்று ஒரு குத்துப்பாட்டு.

பல்செட் அக்கா கத்தியோடு ஓடிவந்தாள். போன் அலமாரி மேல் தொடாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மகளிடமிருந்து செய்தி. அம்மா நீ பாட்டு கேக்கறியா, என் பாட்டு திடீர்னு நின்னுபோச்சு, ஹால்னு ஏதோ காட்டுது, நான் மறுபடி போட்டும் எனக்குச் சத்தமே வரலை என்று எழுதியிருந்தாள்.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவள் வைத்திருந்தது வாலு விட்டுப்போன பழைய போன். அதில் இருந்த பாட்டுக் கணக்கும் வாலுவுடையது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும். ஹாலில் பாட ஆரம்பித்ததும் அங்கே மகளுக்கு நின்றுவிட்டது. அவள் என்னவென்று புரியாமல் தன் பாட்டை மறுபடி அமுக்க, அது அவள் காதில் ஒலிக்காமல் அப்பாவின் ஹாலில் வந்து ஒலிக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில் அறையில் உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டின் ஸ்பீக்கரைப் பெண் ஆட்டிவைக்கிறாள்.

"யாரு பாட்டை மாத்தினது?" என்றார் மாஸ்டர்.

போன் கெட்டுவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"வாலு" என்றாள்.

மாஸ்டர் எழுந்தார். போச்சு, பிடுங்கி எறியப்போகிறார் என்று நினைத்தாள். அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்த் திருகைக் கடைசிவரை குறைத்தார். ஹால் அடங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தார். பிளக்கைப் பிடுங்கவில்லை, சுவிட்சைத் தட்டவில்லை. போன் திரையில் வாலுவின் பாட்டு சத்தமில்லாமல் முடிகிறவரை ஓடியது, அவரும் அதுவரை உட்கார்ந்திருந்தார். கட்டின புருஷனைப் பற்றிப் பல்செட் அக்காவுக்குக் கொஞ்சமாவது தெரியாதா? வேண்டாம் என்றால் பிடுங்குகிற ஆள் அவர்.

மறுநாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள். வேறு கணக்குப் போட்டுக்கொள்கிறேன், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றாள். இருக்கட்டும் என்றாள் அம்மா.  அப்புறம் வாலு, குரலை ரொம்ப சாதாரணமாக வைத்துக்கொண்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் அப்பா என்ற சொல்லை அவளாக எடுத்தது அதுதான் முதல் தடவை. சத்தத்தைக் குறைத்தார் என்றாள் அம்மா. அணைக்கவில்லையா? அணைக்கவில்லை. வாலு மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அன்று சாயந்திரம் குத்துப்பாட்டு தானாக வந்தது. மாஸ்டர் திருகில் கை வைத்தார், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். இதில் எப்படிப் பாட்டை மாற்றுவது என்று பெண்டாட்டியிடம் அவள் போனையே நீட்டினார். அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர் பழைய பாட்டைப் போட்டார். அரை நிமிஷத்தில் டமடம. அவர் மறுபடி புல்லாங்குழல். மறுபடி டமடம. நடுரோட்டில் யூ டர்ன் போடுறா பாரு, இன்டிகேட்டர்கூட போடாம என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். கடித்தாரே தவிர முகத்தில் கோபத்தைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேல் எட்டிப்பார்த்து, என்ன மாஸ்டர், ரேடியோ ரிப்பேரா என்று விசாரித்தார். ரிப்பேரெல்லாம் இல்லை, குடும்ப விவகாரம் என்று பதில் சொல்லி அனுப்பினாள் பல்செட் அக்கா.

இப்படியே சில சாயந்திரம் போயிற்று. போகப் போக இரண்டு பேருக்கும் ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. வாலு ஒரு பாட்டு, மாஸ்டர் ஒரு பாட்டு. அவள் போட்டதை அவர் முழுசாக ஓடவிடுவார், அவர் போட்டதை அவள் வெட்ட மாட்டாள். ஒருநாள் வாலுவே புல்லாங்குழல் பாட்டைப் போட்டாள். மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நினைவு வெச்சிருக்கா பாரேன் என்றார். சொல்லும்போது கண் பளபளத்தது. இன்னொரு நாள் கடைசி வகுப்பைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

பல்செட் அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது. ஆனால் வாலு கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது, மாஸ்டர் வாயிலிருந்து மட்டும் வார்த்தை வந்தபாடில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். போன் பண்ணிக் கூப்பிடுங்களேன், அவள் அதற்குத்தானே காத்திருக்கிறாள் என்றாள்.

"எதுக்கு? அதான் பாட்டு போடறாளே. நல்லாத்தானே இருக்கா."

அவர் அதைச் சொன்ன விதம் அவளைச் சுட்டது. நிம்மதியாகச் சொன்னார். வயிறு நிறைந்தவன் ஏப்பம் விடுகிற மாதிரி சொன்னார். மகள் துறைமுகத்துக்குப் போனாலும் அங்கிருந்தும் பாட்டுப் போடுவாள்தானே, பிறகென்ன என்று வேறு கேட்டார்.

அன்று பாத்திரம் கழுவும்போது பல்செட் அக்காவுக்குத் தான் செய்த காரியம் முழுசாகப் புரிந்தது. பாட்டு வந்தால் பேச்சு வரும் என்று தரையில் படுத்து ஓட்டை போட்டாள். வந்தது பாட்டுதான். பேச்சு வேண்டாத அளவுக்குப் பாட்டு வந்துவிட்டது. இவர் தலை வணங்காமலே மகள் ஹாலுக்குள் வந்து போகிறாள். அவளும் படியேறாமலே அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பசியை ஆற்றவேண்டியவள் பசியைக் கெடுத்துவிட்டாள். பெட்டியைக் கொண்டுவந்தது நான், இதைச் சரிசெய்யவேண்டியதும் நான்தான் என்று நினைத்தாள். உதடு உள்ளே போயிற்று.

மறுநாள் மத்தியானம் அவளே மகளைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு சாயந்திரம் பாட்டு போடாதே. நாளைக்கும் வேண்டாம். நான் சொல்ற வரைக்கும் போடாதே."

வாலு திடுக்கிட்டாள். அப்பா ஏதாவது சொன்னாரா என்றாள். இல்லை என்றாள் அம்மா. அவர் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறார், அதனால்தான் போடாதே என்றாள். 

"பாவம்மா அவர்."

"பாவம் பார்த்துத்தான் ரெண்டு வருஷம் போச்சு. இனி நான் பார்க்கறதா இல்ல. நீயும் பார்க்காதே."

சாயந்திரம் மாஸ்டர் வந்தார், கைகால் கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். பல்செட் அக்கா கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஹால் அமைதியாக இருந்தது. இன்று உன் முறைதான் முதலில் என்பதுபோல அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பு ஒயரை அசைத்தார், வெள்ளை ஒயரை அசைத்தார். முன்னறைக்குப் போய் ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு வந்தார். கதவு நிலையருகே மண்டியிட்டுக் கேபிள் எங்காவது எலி கடித்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். வயசுக்கு அந்த மண்டியிடல் சிரமம். நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.  அவளுக்கு எழுந்துபோய்க் கைகொடுக்கவேண்டும் போலிருந்தது. போகவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

உன் போனில் ஒரு பாட்டு போடு என்றார். போட்டாள். ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு பெட்டி பக்கம் அவர் போகவில்லை.

"அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும். கேளுங்க."

முறைத்தார். அவள் தலையணை உறையை நீவினாள். அவர் வாசல்வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். எத்தனையோ பேரை நெடுஞ்சாலைக்குப் பயமில்லாமல் கூட்டிப்போன மனுஷன், சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது. எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாக அழுத்தினார். வண்டியில் பேசிப் பேசிப் பழக்கமானதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மணி அடிக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. பல்செட் அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா?" என்றது வாலுவின் குரல்.

 மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "பெட்டி வேலை செய்யலை" என்றார்.

 வாலு நிதானமாகக் கேட்க ஆரம்பித்தாள். பச்சை விளக்கு எரியுதா? எரியுது. ஒயர் ரெண்டும் நல்லா உள்ளே போயிருக்கா? போயிருக்கு. ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டீங்களா? போட்டேன். அம்மா போன்ல பாட்டு வருதா? வருது. எல்லாக் கேள்விக்கும் அவர் நல்ல மாணவன் மாதிரிப் பதில் சொன்னார், ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கேள்வி தீர்ந்துபோயிற்று. 

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். போனை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனார். "பாட்டு வரலைன்னதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அன்னிக்கு நான் பண்ணது தப்பு. நீ பிரேக்கில கால் வெச்சதைப் பார்த்தேன். பார்த்துட்டேதான் இழுத்தேன்."

பல்செட் அக்காவுக்கு இது புதுசு. இத்தனை நாளும் அவர் பார்க்கவில்லை, பதற்றத்தில் இழுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இதைத்தான் இவர் இரண்டு வருஷமாகச் சுவரிடம் சொல்லமுடியாமல் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. வாலுவுக்கும் அது புதுசுதான். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துட்டுப் போடா" என்றார்.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

மாஸ்டர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மடியில் துணியை வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

"இல்ல. உங்கம்மா துணி மடிச்சிட்டிருக்கா. நான்தான் கூப்பிடறேன்."

வாலு அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை. நாளைக்குக் காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். பஸ்ஸெல்லாம் வேண்டாம், நானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டிவருகிறேன் என்று மாஸ்டர் குறுக்கே விழுந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதற்குச் சண்டை போட்டார்கள். கடைசியில் வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"சரி, வாங்க. ஆனா திரும்பி வரும்போது நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்து சீட்டு. காலை மடக்கி மேல வெச்சுக்கணும்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்ல ஆயிரம் இருந்தது, நெடுஞ்சாலை, இரவெல்லாம் தூங்காமல் வருகிற லாரிகள், புது டயர். வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"சரி. நீயே ஓட்டு" என்றார்.